பெட்டிக்குள் இல்லை அந்தச் சத்தம்

மண்டைக்காடு பக்கம் கிட்டார் தெரிந்த நாலு பேர் ஒன்றுசேர்ந்தால் ஒரு பேச்சு தவறாமல் வரும். ஷேடோஸ், வென்ச்சர்ஸ் மாதிரியான பழைய வாத்திய ராக் குழுக்களின் கிட்டார் சத்தத்தை நம்மால் கொண்டுவர முடியாது. அதற்கு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வேண்டும், வாக்ஸ் ஏசி-30 ஆம்ப்ளிஃபயர் வேண்டும், அந்தக் காலத்து இத்தாலிய எக்கோ பெட்டி வேண்டும். இவை இல்லாதவன் அந்தப் பாட்டுகளைத் தொடவே கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. பல வருஷம் மேடை ஏறியவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள், சாமான் விற்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். இணையத்தில் பார்க்கிற காணொளிகளும் இதையே சொல்கின்றன. அதனால் இது ஒரு கருத்து என்பதே மறந்துபோய், விதி மாதிரி ஆகிவிட்டது.

இது தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ரசனை வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாத தவறு. குமரி மாவட்டக் கடலோரத்தில் கோயில் கொடைகளிலும் பள்ளித் திருவிழாக்களிலும் வாசித்து வளர்ந்த ஒரு கிட்டார் மரபு இருக்கிறது. தேவாலயப் பாடகர் குழுவில் கார்டு பிடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு மெல்லிசைக் குழுவில் லீட் வாசிக்கப் போன பையன்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. அவர்களிடம் போய் “உன் கையில் இருக்கிற கிட்டாரில் அது வராது” என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையின் கையைக் கட்டிப்போட்டுவிட்டோம். ஒருவன் கடன் வாங்கிப் பெட்டி வாங்குகிறான். இன்னொருவன் வாங்க முடியாமல் வாசிப்பதையே விடுகிறான். இரண்டுமே அநியாயம்.

இந்தக் குழுக்களைக் கேட்டிராதவர்களுக்குச் சுருக்கமாக: பீட்டில்ஸ் உலகத்தைப் பிடிப்பதற்கு முன், பாடகரே இல்லாமல் கிட்டாரை முன்னால் நிறுத்தி ஒரு அலை எழுந்தது. 1960 ஜூலையில் லண்டனில் ஷேடோஸ் குழுவின் ‘அப்பாச்சி’ வெளிவந்து, பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. லீட் ஹேங்க் மார்வின், ரிதம் புரூஸ் வெல்ச், பேஸ் ஜெட் ஹாரிஸ், டிரம்ஸ் டோனி மீஹன். லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்டு என்ற பாடகருக்குப் பின்னால் நின்று வாசித்தவர்கள் இவர்கள். அதே 1960இல் அமெரிக்காவின் டகோமாவில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த டான் வில்சனும் பாப் போகிலும் தொடங்கிய வென்ச்சர்ஸ் குழு ‘வாக் டோன்ட் ரன்’ வாசித்து அந்த நாட்டு வரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. சொல் இல்லாமல் மெட்டை மட்டும் கிட்டார் பாடும். பின்னால் ரிதமும் பேஸும் டிரம்ஸும் அதற்கு வழி விடும். அவ்வளவுதான் அந்த இசை. அதன் லீட் சத்தம் கண்ணாடி மாதிரித் தெளிவாக, ஓரத்தில் சின்ன நடுக்கத்தோடு இருக்கும். அந்தத் தெளிவுக்கும் நடுக்கத்துக்கும்தான் இன்று இவ்வளவு விலை சொல்கிறார்கள்.

அந்தச் சத்தம் பிறந்த கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1950களில் அமெரிக்க இசைக்கருவிகள் பிரிட்டனுக்குள் வர இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. 1959இல்தான் அது விலகியது. அதுவரை மார்வின் வாசித்தது ஆன்டோரியா என்ற பெயரில் விற்ற மலிவான ஜப்பான் கிட்டார். ரிக்கி நெல்சனின் பாட்டுகளில் ஜேம்ஸ் பர்டன் வாசித்த கிட்டார் சத்தம் மார்வினுக்கு உயிர். பர்டன் கையில் இருப்பது ஃபெண்டர் என்று தெரியும், எந்த ஃபெண்டர் என்று தெரியாது. இவ்வளவு நல்ல வாத்தியக்காரர் விலை கூடினதைத்தான் வைத்திருப்பார் என்று நினைத்து, விலைப்பட்டியலில் உயர்ந்ததாக இருந்த சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கிளிஃப் ரிச்சர்டு வரவழைத்துக் கொடுத்தார். பர்டன் வாசித்ததோ டெலிகாஸ்டர். வேறு கிட்டார்!

இன்று நம் ஊரில் “அந்தக் கிட்டார் இல்லாமல் அந்தச் சத்தம் வராது” என்று எந்தக் கிட்டாரைக் காட்டிச் சொல்கிறார்களோ, அது இன்னொருவர் சத்தத்தை விலை கொடுத்து வாங்கப் போய்த் தவறி வந்து சேர்ந்த கிட்டார். மார்வின் அதைத் திருப்பி அனுப்பவில்லை. அதில் ஒரு கம்பி ஆர்ம் இருந்தது. அழுத்தினால் சுருதி இறங்கும், விட்டால் ஏறும். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வாசிக்கப் பழகினார். பர்டனின் சத்தம் வரவே இல்லை. மார்வினின் சத்தம் வந்தது. இந்த ஒரு நிகழ்ச்சியைப் படித்த பிறகும் ஒருவர் சத்தம் கிட்டாருக்குள் இருக்கிறது என்று சொன்னால், அவர் எதை ஆதாரமாக வைத்துச் சொல்கிறார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

வென்ச்சர்ஸ் கதையும் இதே ஜாடை. ‘வாக் டோன்ட் ரன்’ ஜானி ஸ்மித் என்ற ஜாஸ் கிட்டார் கலைஞர் 1954இல் பதிவு செய்த மெட்டு. அதைச் செட் அட்கின்ஸ் தன் விரல் நுணுக்கத்தோடு வாசித்திருந்தார். அந்த இசைத்தட்டைக் கேட்டுத்தான் போகிலும் வில்சனும் கற்றார்கள். அட்கின்ஸின் விரல் இவர்களுக்கு வராது. வராததை விட்டுவிட்டு, பிக்கால் அடித்து, மெட்டை எளிதாக்கி, தாளத்தை இறுக்கிக்கொண்டார்கள். அவர்களால் முடிந்ததுதான் அவர்களுடைய சத்தம் ஆனது.

எதிர்த் தரப்பு இங்கே ஒரு கேள்வி கேட்கும்: சரி, பிறந்தது எப்படியோ பிறக்கட்டும், பிறந்த பிறகு அந்தச் சத்தம் அந்தக் கருவிகளோடு ஒட்டிப்போய்விட்டதே, அதை மறுபடி எடுக்க அதே கருவிகள்தானே வேண்டும்? கேட்க நியாயமாகத் தோன்றும். மார்வின் வாழ்க்கையே இதற்குப் பதில் சொல்கிறது. 1960களின் நடுவில் அவர் ஸ்ட்ராட்டைக் கீழே வைத்துவிட்டு, பர்ன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி செய்த கிட்டாருக்கு மாறினார். எக்கோ பெட்டியையும் மியாட்சியிலிருந்து பின்சனுக்கு மாற்றினார். ஆம்ப்ளிஃபயர் அதற்கு முன்பே ஏசி-15இலிருந்து ஏசி-30 ஆகியிருந்தது. சங்கிலியில் இருந்த கண்ணிகள் ஒவ்வொன்றாக மாறின. கேட்டவர்கள் இரண்டு சுரத்திலேயே இது ஹேங்க் என்று சொன்னார்கள். மாறாமல் இருந்தது அவர் வலது கை.

மறுபக்கம் பாருங்கள். ‘அப்பாச்சி’யை எழுதியவர் ஜெர்ரி லார்டன். ஷேடோஸுக்கு முன்பே அதைப் பதிவு செய்தவர் பெர்ட் வீடன்; ஊர் உலகத்துக்கே கிட்டார் சொல்லிக்கொடுத்த பெரிய கை. அவருடைய பதிவு இருபதுகளுக்குள்தான் நின்றது. அடுத்த வருஷம் டென்மார்க்கின் யோர்கன் இங்மன் அதே மெட்டைத் தன் வீட்டுப் பாணியில், பதிவின் மேல் பதிவாக அடுக்கி வாசித்து அமெரிக்காவில் இரண்டாம் இடம் பிடித்தார். ஒரே மெட்டு, மூன்று கை, மூன்று வேறு சத்தம். இதில் எந்தக் கிட்டார் விலை கூடியது என்று கேட்பது வீண் வேலை.

கை முன்னால் போகும், பெட்டி பின்னால் வரும். அந்தக் காலத்து வரலாறு முழுக்க இந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது. கிளிஃப் ரிச்சர்டின் கச்சேரிகளில் பெண் பிள்ளைகள் கூச்சல் போட, ஏசி-15இன் சத்தம் எடுபடவில்லை. ஷேடோஸ் கூடுதல் பலம் கேட்டார்கள். வாக்ஸ் கம்பெனியின் டிக் டென்னி செய்துகொடுத்ததுதான் இரட்டை ஸ்பீக்கர் வைத்த ஏசி-30. அமெரிக்கக் கடற்கரையில் டிக் டேல் அடித்த அடியில் ஆம்ப்ளிஃபயர்கள் எரிந்துபோக, லியோ ஃபெண்டர் அவருக்காகவே பெரியதைக் கட்ட வேண்டி வந்தது. அந்த டிக் டேல் கை எங்கிருந்து வந்தது? அவர் அப்பா வழி லெபனான். மாமா வீட்டில் ஊத் என்ற கம்பி வாத்தியமும் தார்புகா என்ற முழவும் கேட்டு வளர்ந்தவர். 1962இல் அவர் வாசித்த ‘மிசிர்லூ’ கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து நாட்டுப்புற மெட்டு. ஒரே கம்பியில் அவர் கொட்டுகிற அந்த வேகம் முழவின் வேகம். அமெரிக்கச் சர்ஃப் கிட்டார் என்று இன்று மேடைக்காரர்கள் எந்தப் பெட்டியில் தேடுகிறார்களோ, அதன் பாதி ஓர் அரபுக் குடும்பத்தின் கொட்டில் இருக்கிறது.

எக்கோவுக்கு வருவோம். எதிர்த் தரப்பின் பலமான வாதம் இதுதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஷேடோஸ் சத்தத்தில் எக்கோவுக்குப் பெரிய பங்கு உண்டு. மார்வினுக்கு ஜோ பிரவுன் என்ற சக கலைஞர் வழியாக வந்த மியாட்சி பெட்டியில், சுழலும் காந்தப் பரப்பைச் சுற்றிப் பல தலைகள் இருந்தன. ஒரு தலை பதியும். மற்றவை வெவ்வேறு இடைவெளியில் திருப்பிச் சொல்லும். அந்த இடைவெளிகள் சமமாக இருக்காது. அதனால் ஒரு சுரத்தை அடித்தால் அது நேராகத் திரும்பி வராமல், குதிரை நடைபோல் தட்டித் தட்டிப் போகும். சாதாரண எக்கோவில் ஒரே திருப்பத்தை வைத்து இதை வாசித்தால் வெறுமையாகத்தான் இருக்கும். இது உண்மை.

ஆனால் இதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு “மியாட்சி வாங்கு” என்பதா? இன்று மலிவான டிஜிட்டல் டிலேயிலும் கைபேசிச் செயலியிலும் இரண்டு மூன்று திருப்பங்களை வேறு வேறு நேரத்தில் வைக்க முடியும். இரண்டு பழைய டிலே பெடல்களை அடுத்தடுத்துப் போட்டும் செய்யலாம். வேண்டியது காது: பாட்டின் நடை என்ன, திருப்பம் எந்த இடத்தில் விழுந்தால் ரிதம் கிட்டாரோடு மோதாது, சுரத்தை எவ்வளவு குறைத்து வாசித்தால் எக்கோவுக்கு இடம் கிடைக்கும். மார்வின் சுரங்களை அள்ளிக் கொட்டவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எக்கோ அந்தக் காத்திருப்பில்தான் ஒலித்தது. ஓயாமல் வாசிக்கிறவனுக்கு எந்த இத்தாலியப் பெட்டியைக் கொடுத்தாலும் சேறு மாதிரித்தான் கேட்கும்.

எக்கோவுக்குக் காசு தேவையில்லை என்பதற்கு இன்னும் நல்ல சாட்சி டுவான் எடி. 1958இல் ஃபீனிக்ஸ் நகரத்துச் சின்ன ஸ்டுடியோவில் எதிரொலி அறை கட்ட வசதியில்லை. தயாரிப்பாளர் லீ ஹேசில்வுட் இரண்டாயிரம் காலன் பிடிக்கிற ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியை வாங்கி வெளியே வைத்தார். ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் மைக். கிட்டார் சத்தம் தொட்டிக்குள் போய்ச் சுற்றித் திரும்பி வந்தது. அதே வருஷம் லிங்க் ரே ‘ரம்பிள்’ பதிவில் தன் ஸ்பீக்கர் காகிதத்தைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டு அந்த உறுமலை எடுத்தார். தண்ணீர்த் தொட்டிக்கும் பென்சிலுக்கும் விலைப்பட்டியல் கிடையாது. நம் ஊரில் மேல்நிலைத் தொட்டி இல்லாத தெரு இல்லை, ஓட்டுக் கூரை போட்ட பழைய பள்ளிக்கூடக் கூடங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து ஒரு சுரத்தை அடித்து அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுப் பார்க்கச் சொல்லி யாரும் நம் பையன்களிடம் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. எந்த எஃபெக்ட்ஸ் பிராசஸர் வாங்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

இனி மேடைக்கு வாருங்கள். இங்கே கச்சேரி என்றால் கொடைப் பந்தலுக்குப் பக்கத்தில் போட்ட மேடை, ஜெனரேட்டர், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர். ஏசி-30 என்பது நான்கு இ.எல்.84 வால்வுகளும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கரும் வைத்த, ஒரு ஆள் தூக்கத் திணறுகிற பெட்டி. மின்சாரம் ஏறி இறங்கும் இடத்தில் வால்வுக்கு அது நல்லதல்ல. அதையும் சமாளித்து மேடையில் வைத்தாலும், அதன் முன்னால் ஒரு மைக் வைத்து, மிக்ஸர் வழியாக அந்தப் பெரிய ஸ்பீக்கர்களுக்குத்தான் அனுப்புவார்கள். கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கிற அம்மாவின் காதுக்குப் போவது மைக் செட்காரரின் ஸ்பீக்கர் சத்தம். அவர் மிக்ஸரில் கிட்டாருக்கு எவ்வளவு இடம் விடுகிறார், கீபோர்டின் இடது கை பேஸோடு மோதாமல் இருக்கிறதா, ரிதம் பேடின் சத்தம் எல்லாவற்றையும் மூடுகிறதா, இவையெல்லாம் தீர்மானிக்கிற விஷயத்தை லட்ச ரூபாய்ப் பெட்டி தீர்மானிக்காது. மைக் செட்காரரோடு அரை மணி நேரம் நின்று பேசுகிற கிட்டார்காரனுக்குக் கிடைக்கும் பலன், பெட்டி வாங்கியவனுக்குக் கிடைக்காது.

எனக்குத் தெரிந்த ஒருவர் கடலுக்குப் போகிறவர், பருவத்தில் மேடைக்கு வருகிறவர். அவர் கிட்டார் கொல்கத்தாவில் செய்த பழைய கிவ்சன். அதில் ஆர்ம் கிடையாது. அவர் ‘அப்பாச்சி’ வாசிக்கும்போது வலது கையை உற்றுப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையின் அடிப்பாகம் பிரிட்ஜின் மேல் படிந்திருக்கும். பிக் விழுவது பிரிட்ஜுக்கு இரண்டு விரல் தள்ளி. கம்பியின் முனைக்குப் பக்கத்தில் அடிக்கும்போது மேல் சுருதிகள் கூடுதலாக எழும். கண்ணாடித் தெளிவு என்று சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்த இரண்டு விரல் தூரத்தில் இருக்கிறது. பிக்கைக் கம்பிக்கு நேராக வைக்காமல் லேசாகச் சாய்த்து, அடித்த உடன் விலக்கிவிடுவார். நீட்டுகிற சுரம் முடியப்போகும்போது, கிட்டாரின் உடம்பைப் பிடித்துக்கொண்டு அதன் கழுத்தை இடது கையால் ஒரு நூல் முன்னால் தள்ளுவார். கம்பி தளர்ந்து சுருதி சற்றே இறங்கும், கையை விட்டால் ஏறும். ஆர்ம் செய்கிற வேலை அது. கழுத்துக்கு நல்லதில்லை என்று யாரோ சொன்னதற்கு அவர் சொன்னது: “அதுக்கு என்ன மக்கா, கை கேக்குது, குடுக்காண்டாமா?”

அவர் போடுகிற கம்பி தடிமனானது. மூன்றாவது கம்பியும் சுற்றுக்கம்பி. ஷேடோஸ் காலத்தில் எல்லாருமே அப்படித்தான் போட்டார்கள், இன்றைய மெல்லிய கம்பிகள் அப்போது வழக்கத்தில் இல்லை. மெல்லிய கம்பியைப் பிரிட்ஜ் பக்கம் ஓங்கி அடித்தால் சுருதி ஒரு கணம் மேலே ஓடிவிடும், சத்தம் கீச்சென்று மெலியும். தடித்த கம்பி அடியைத் தாங்கி நிற்கும். விரலுக்கு வலி கூடுதல், வளைத்து வாசிக்க முடியாது. அந்த இசைக்கு வளைக்கத் தேவையும் இல்லை. பழைய சத்தம் வேண்டும் என்கிறவர் முதலில் மாற்ற வேண்டியது கம்பியைத்தான். அது சில நூறு ரூபாய். ஆனால் பிராசஸருக்கு நாற்பதாயிரம் செலவழித்தவர் கிட்டாரைத் தொட்டுப் பார்த்தால் அதே மெல்லிய கம்பி, அதுவும் துருவேறி. இங்கே கடல் காற்றில் உப்பு. துடைக்காமல் வைத்த கம்பி சீக்கிரமே சொரசொரத்து, சத்தம் மங்கி, சுருதி நிற்காமல் போகும். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைப்பது இந்தக் கடலோரத்தில் சத்தத்துக்குச் செய்கிற முதல் வேலை. எந்தக் காணொளியும் இதைச் சொல்வதில்லை. மண்டைக்காட்டுக் காற்று அவர்களுக்குத் தெரியாது.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் பாட்டு, நம் காதுக்கு ஒட்டாது” என்கிற இன்னொரு குரலும் உண்டு. பெட்டிப் பேச்சின் உடன்பிறப்பு அது. இரண்டும் நம்மால் ஆகாது என்ற ஒரே இடத்தில் போய் முடிகின்றன. பாடுகிற மெட்டைச் சொல் இல்லாமல் வாத்தியத்தில் பாடுவது நமக்குப் புதிதா? நாகஸ்வரம் அதைத்தானே செய்கிறது? பாலகொல்லுவிலிருந்து வந்த யு.ஸ்ரீநிவாஸ் சின்னப் பையனாக மாண்டலினை எடுத்துக்கொண்டு கர்நாடக மேடைக்கு வந்தபோது, அந்த வேலைக்கு உகந்த மாண்டலின் எந்தக் கடையிலும் விற்கவில்லை. எட்டுக் கம்பி வாத்தியத்தை ஒற்றைக் கம்பிகளாக்கி, ஐந்து கம்பி வைத்து, மின்சாரம் சேர்த்துக்கொண்டார். கமகம் அவர் விரலில் இருந்தது. வாத்தியம் அதற்கு இணங்கி வந்தது. “சரியான கருவி வரட்டும், பிறகு வாசிக்கலாம்” என்று அவர் காத்திருந்தால் நமக்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கிடைத்திருக்க மாட்டார்.

சினிமாவுக்கு வந்தால் ஆதாரம் இன்னும் அருகில் இருக்கிறது. இளையராஜா கிட்டார்காரராகத்தான் சென்னையில் பிழைத்தார், ஜி.கே.வெங்கடேஷிடம் வாசித்தார், தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்தார், டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வுகள் எழுதினார். 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் வந்த ‘இளைய நிலா’வின் கிட்டாரை வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். அந்தப் பாட்டைக் கேட்காத கச்சேரிக் கூட்டம் இந்தப் பக்கம் இல்லை. மேடையில் அது பெரும்பாலும் சரியாக வராது என்பதும் எல்லாருக்கும் தெரியும். காரணம் என்று சொல்லப்படுவது: “ஸ்டுடியோ கிட்டார் வேற, நம்ம கிட்டார் வேற.” நான் சொல்கிறேன், முதல் காரணம் பேஸ். அந்தப் பாட்டில் சசிதரனின் பேஸ் கிட்டாருக்குக் கீழே இன்னொரு மெட்டாக ஓடுகிறது. கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் அதன் மேல் விழுந்துதான் அந்தக் குளிர்ச்சி வருகிறது. மேடையில் பேஸ் கிட்டார்காரருக்குச் சம்பளம் மிச்சம் என்று கீபோர்டில் இரண்டு விரலை வைத்து ஒப்பேற்றினால், மேலே தங்கக் கம்பி போட்டு வாசித்தாலும் அது ‘இளைய நிலா’ ஆகாது. அடுத்த காரணம் நடை. கூட்டம் கைதட்ட வேண்டும் என்று பாட்டை ஒரு படி வேகமாக எடுத்துவிடுகிறார்கள், சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடுகின்றன.

ஷேடோஸுக்கும் இது அப்படியே பொருந்தும். ‘அப்பாச்சி’ பதிவில் புரூஸ் வெல்ச் அகூஸ்டிக் கிட்டாரில் ரிதம் கொடுத்தார். தொடக்கத்தில் கேட்கிற கொட்டைக் கிளிஃப் ரிச்சர்டே தட்டினார். மார்வினின் சுரம் அவ்வளவு பளிச்சென்று தெரிவதற்கு, அந்த அகூஸ்டிக் ரிதம் கீழே ஓரமாக, உலர்ந்து நிற்பதும் ஒரு காரணம். அந்த இடத்தில் கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் போட்டு நிரப்பிவிட்டு, லீட் எடுபடவில்லை, ஸ்ட்ராட் வாங்க வேண்டும் என்றால் என்ன சொல்ல? லீட் கிட்டாரின் சத்தம் என்று தனியாக ஒன்று இல்லை. நான்கு பேர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததன் பெயர் அது. நான்கு பேரையும் உட்காரவைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகையை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள் என்பதால்தான் அதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை.

நல்ல கருவியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுருதி நிற்காத கிட்டார், ஃபிரெட் தேய்ந்த கிட்டார் பிள்ளையின் காதைக் கெடுக்கும். அது சரியாக இருந்தே தீர வேண்டும். வசதி இருக்கிறவர் ஏசி-30 வாங்கட்டும், அது அருமையான பெட்டி. 1991க்கு முன் வெளிநாட்டுச் சாமான் கைக்கு எட்டாத காலத்தில், ரேடியோ மெக்கானிக் கட்டிக்கொடுத்த ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு நம் மூத்த கலைஞர்கள் பட்ட பாடு பெருமைப்படத்தக்கது, ஆனால் அதையே திரும்பப் படச் சொல்லிப் பிள்ளைகளைக் கேட்கவும் மாட்டேன். நான் எதிர்ப்பது ஒன்றைத்தான்: வாங்கிய பிறகுதான் வாசிக்கலாம் என்கிற வரிசையை. பர்டனின் சத்தத்தைத் தேடி வேறு கிட்டார் கைக்கு வந்த மார்வின், அதையே வைத்து வாசிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஷேடோஸ் பாணி வாத்திய இசைக்குத் தமிழ்நாட்டில் ஒரு சொந்த இடம் இருந்தது, அதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. மெல்லிசைக் கச்சேரியின் தொடக்கத்தில், சாமி பாட்டுக்கு முன்னால், டைட்டில் மியூசிக் என்று குழு முழுக்கச் சேர்ந்து ஒன்றை வாசிக்கும். பாடகர் இன்னும் மேடைக்கு வந்திருக்க மாட்டார். கூட்டம் உட்கார்ந்துகொண்டிருக்கும். அந்தச் சில நிமிஷங்களில் லீட் கிட்டார்காரர்தான் மேடையின் முதல் ஆள். பல பேருக்கு மின்சாரக் கிட்டார் என்று ஒன்று இருப்பதே அப்படித்தான் தெரிந்தது. இப்போது அந்த இடத்தை லேப்டாப் பிடித்துக்கொண்டது. பதிவு செய்த டிராக் ஓடும், புகை வரும், விளக்கு சுற்றும், கிட்டார்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கேட்டால், நம் கிட்டாரில் அந்த சவுண்ட் வராது அண்ணே என்கிறார்கள். பெட்டிப் பேச்சு கடைசியில் கொண்டுவந்து விட்ட இடம் இது. வாசிக்கத் தெரிந்தவர் மேடையில் நிற்கும்போதே அவருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வாசிக்கிறது.

மாசிக் கொடைப் பத்து நாளும், எட்டாம் கொடையும், மீனப் பரணியும் மண்டைக்காட்டுக்கு எவ்வளவு கூட்டத்தைக் கொண்டுவருகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். அதையொட்டிச் சுற்றுவட்டாரக் கோயில்களிலும் கடற்கரை ஊர்களிலும் பருவம் முழுக்க மேடை இருக்கிறது. கச்சேரி பேசப் போகிற விழாக் கமிட்டிக்காரர்களிடம் நான் கேட்பது இது: பாடகர் யார், எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்பதோடு, டைட்டில் மியூசிக் டிராக்கா, கையால் வாசிப்பதா என்றும் கேளுங்கள். கையால் வாசிக்கிற குழுவுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகக் கொடுங்கள். குழு நடத்துகிறவர்களே, பேஸ் கிட்டார்காரரைத் திரும்பக் கூப்பிடுங்கள். லீட் வாசிக்கிற தம்பிமாரே, இந்த வாரம் தடித்த கம்பி ஒரு செட் வாங்கி மாட்டுங்கள், பிக்கைப் பிரிட்ஜ் பக்கம் இரண்டு விரல் தள்ளி வைத்து, ‘அப்பாச்சி’யின் முதல் நாலு வரியை எக்கோவே இல்லாமல் வாசித்துப் பழகுங்கள். அது தனியாக நின்றால், பிறகு எக்கோவைத் திறக்கலாம்.